கேம்பஸ்ல மழை அழகுதான், அந்தச் சுவரையும் கொஞ்சம் பாருங்க

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். மழையில் கேமராவைக் காப்பாத்துவது எப்படி, எந்த லென்ஸ் வாங்கலாம் என்கிற மாதிரி உபயோகமான பதிவு இல்லை இது. நடுவில் ஒண்ணு ரெண்டு டிப்ஸ் வந்து விழுந்தால் அது தற்செயல். இது சண்டைப் பதிவு. சண்டை யாரோடு என்றால், டிவியில் புயல் சின்னம்னு சொன்ன உடனே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு காலேஜ் கேம்பஸுக்கு ஓடுகிற கூட்டத்தோடு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்பதால் பாதி அடி எனக்குத்தான் விழும். விழட்டும்.

உங்களுக்கும் அந்தப் படங்கள் தெரியும். ஐப்பசி பிறந்தால் போதும், வர ஆரம்பித்துவிடும். நனைந்த தார் ரோடு, அதில் தலைகீழாக மரம். ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கும். தூரத்தில் ஒரு குடை. அது கட்டாயம் சிவப்புக் குடை, பிடித்திருப்பவர் முகம் தெரியவே கூடாது. பின்னால் மேகம் இறங்கிய மணிக்கூண்டு. தாம்பரத்தில் எடுத்தாலும் இதே படம், கிண்டியில் எடுத்தாலும் இதே படம், காலாப்பட்டில் எடுத்தாலும் இதே படம். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் எந்தக் கல்லூரி என்று அதன் முதல்வருக்கே அடையாளம் தெரியாது. கீழே ஒரு வரி இருக்கும், 'மழையில் நனையும் என் சொர்க்கம்' என்று. (நானே எழுதியிருக்கேன். ரெண்டு தடவை. ஹிஹி.)

அழகைப் படம் எடுக்கறது தப்பா என்று கேட்காதீங்க. தப்பே இல்லை. வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற வேலூர்க்காரனுக்கு மேகம் கறுத்தாலே மனசு குளிர்ந்துடும். என் சண்டை வேற. புயல் நாளில் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற சில விஷயங்கள் ஒரு கேம்பஸில் இருக்கு. அந்த நாளில், அந்த இடத்தில், கையில் கேமராவோடு நிற்கிற ஒரே ஆள் நாமதான். நாம முதுகைக் காட்டிக்கொண்டு குடையை ஃபோகஸ் பண்றோம்.

நம்ம பொழைப்பைப் பத்திச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பேசறேன்னு புரியும். வீடு பேரணாம்பட்டு, வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற செக்‌ஷனுக்குப் பேரே க்ளிக்கிங். வாரம் ஆறு நாள் அங்கே க்ளிக்கு, ஞாயிற்றுக்கிழமை இங்கே க்ளிக்கு என்று வீட்டில் கிண்டல் ஓடும். அங்கே முதல் பாடம் என்ன தெரியுமா? வெட்டறதுக்கு முன்னாடி தோலை நல்ல வெளிச்சத்தில் விரித்துப் போட்டு குறை தேடணும். முள் கீறின கோடு, உண்ணி கடிச்ச புள்ளி, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், கழுத்துச் சுருக்கம் எல்லாத்தையும் பென்சிலால் சுழிச்சு வைக்கணும். சுழிக்காமல் விட்டால் அந்தக் கீறல் நேராகப் போய் ஷூ மூக்கு மேலே உட்காரும். குறை அதிகமான தோலுக்கு வேறு வைத்தியம் இருக்கு. மேல்பரப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு, மேலே கலர் கோட்டிங் கொடுத்து, தோல் மாதிரியே ஒரு டிசைனை அழுத்தி விட்டுடுவாங்க. கரெக்டட் கிரெய்ன்னு பேரு. பார்க்க அசல் தோலை விடப் பளபளன்னு இருக்கும். அதுவும் ஒரு தொழில்தான், விற்கும்போது கரெக்டட் கிரெய்ன்னு சொல்லித்தான் விற்பாங்க. காலேஜ் விளம்பரப் புத்தகத்தில் வருகிற மழைப் படம் எல்லாமே எனக்குக் கரெக்டட் கிரெய்ன்தான். என்ன, அதை யாரும் சொல்லி விற்கறதில்லை.

நிற்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கோங்க.

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை. அந்த மாசம் மழை எப்படிப் பெய்ததுன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோர்தானா அணை நிரம்பி வழிஞ்சு குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு கரைமேல் ஏறியிருந்தது. எங்க ஊர் மலட்டாறு பேருக்கு ஏத்த மாதிரி வருஷக்கணக்கில் மணலாகக் கிடக்கும், அதிலேயே தண்ணி ஓடினது. வங்கக்கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைப் பார்த்து வந்துக்கிட்டிருந்தது. நல்லவனா இருந்தா வீட்டில் இருந்திருக்கணும். நான் கம்பெனிக்கு மட்டம் போட்டுட்டு வேலூர் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கேம்பஸில் நண்பன் ஒருத்தன் ஆபீஸில் வேலை பார்க்கிறான், அவன் தயவில் உள்ளே போகலாம். எந்த கேம்பஸ்ங்கறது வேண்டாம். படிக்கிற பசங்க இருக்காங்க, நண்பனுக்கு வேலையும் இருக்கு.

கேமரா பழைய நிக்கான் டி5200, அதோடு வந்த 18-55 லென்ஸ். மேலே பாலிதீன் கவர், லென்ஸுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுத்தி ரப்பர் பேண்ட். பைக்குள் ஒரு பிடி சிலிக்கா ஜெல் பாக்கெட். ஷூ பெட்டிக்குள்ள 'சாப்பிடாதே'ன்னு எழுதி ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதேதான். கேமரா கடைக்காரர் காசு கேட்கிற பொருள், எங்க ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். (தற்செயலா வந்த டிப்ஸ் இது. இன்னொண்ணு: வெள்ளை வானத்தைப் பார்த்தால் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்திக்கோங்க.)

முதல் ஒரு மணி நேரம் நானும் எல்லாரையும் போலத்தான். ரோடு, மரம், ஃபவுண்டன், தோட்டம். சிவப்புக் குடையே கிடைச்சது! நாப்பது படம் தேறியிருக்கும். அப்புறம் காத்து திரும்பி சாரல் முகத்தில் அடிக்க, ஒதுங்க இடம் தேடி ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி போனேன்.

அங்கேதான் அந்தச் சுவர். ஆளை விட உயரம். அந்தப் பக்கம் யாரோ மண் கொட்டி மேடாக்கியிருக்காங்க, இந்தப் பக்கம் பள்ளம். அதாவது எல்லை காட்டக் கட்டின காம்பவுண்டுச் சுவர், இப்போ மண்ணைத் தாங்குகிற அணை வேலை பார்க்குது. இடுப்பு உயரத்துக்கு வயிறு தள்ளியிருந்தது. மண்ணுக்குள் இறங்கின தண்ணி வெளியே வர சுவரில் ஓட்டை விடுவாங்களே, அது ஒண்ணுகூட இல்லை. அதனால் செங்கல் இடுக்கு இடுக்காகக் காவி கலரில் தண்ணி கசிஞ்சுக்கிட்டிருந்தது. அந்தச் சுவரில் சாய்ச்சுப் போட்ட ஷீட்டுக்குக் கீழே ரெண்டு அம்மா உட்கார்ந்து அண்டா தேய்க்கறாங்க. பசங்க தட்டை எடுத்துக்கிட்டு அதை ஒட்டியே நடந்து போறாங்க.

ஆறு படம் எடுத்தேன். ஏழாவதுக்குள் ஒரு குரல்.

"தம்பி, அதை எதுக்கு எடுக்கறீங்க?"

செக்யூரிட்டி. அம்பது வயசுக்கு மேலே இருக்கும், கிழிஞ்ச ரெயின்கோட்டு.

"சும்மாத்தான்ணா."

"முன்னாடி தோட்டம் இருக்கு, ஃபவுண்டன் இருக்கு, அதை எடுங்க, யார் வேணாங்கறது? இது எதுக்கு?"

அவர் அதோட விட்டிருப்பார்னு நினைக்கறேன். அதுக்குள்ள சூப்பர்வைசர் வந்துட்டார். கேமராவை வாங்கி ஒவ்வொண்ணாகத் தள்ளிப் பார்த்தார். தோட்டம், ரோடு, குடை எல்லாம் பார்த்துட்டு, "நல்லா வந்திருக்கே, எனக்கும் அனுப்புங்க" என்றார். சுவர் வந்ததும் முகம் மாறிடுச்சு. ஆறையும் அழிக்கச் சொன்னார். அழிச்சேன். நண்பன் வேலை ஞாபகத்துக்கு வந்தது, வீட்டில் சொல்லாமல் வந்தது ஞாபகத்துக்கு வந்தது, வாயைத் திறக்கலை. கார்டில் இருந்து அழிச்ச படத்தைச் சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேரை வெச்சே மீட்கலாம், அதுக்கு மேலே புதுசா எதையும் எடுக்காமல் இருந்தால் போதும் என்பது அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சபோது அந்தக் கார்டில் மச்சான் பொண்ணு காதுகுத்து ஏறி உட்கார்ந்துடுச்சு.

கேட்டு வரைக்கும் கூட வந்த செக்யூரிட்டி அண்ணன், சூப்பர்வைசர் போனதும் மெதுவா ஒண்ணு சொன்னார். "எனக்கும் தெரியும் தம்பி. ராத்திரி ரவுண்டு வரும்போது நான் அந்தச் சுவரை ஒட்டி நடக்கமாட்டேன், நடுவாலதான் வருவேன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்னு வெச்சுக்கோங்க.

பஸ்ஸில் வரும்போதே சிவப்புக் குடையைப் போனுக்கு மாத்தி எல்லா குரூப்பிலும் தட்டிவிட்டேன். ராத்திரி முழுக்க ஹார்ட்டு ஹார்ட்டாக வந்துக்கிட்டிருந்தது. விடிஞ்சா நவம்பர் 19, கார்த்திகை தீபம். தாழ்வு மண்டலம் விடிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டுப் பக்கம் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம். அன்னிக்குக் காலையில் எங்க ஊரில், பேரணாம்பட்டு மசூதித் தெருவில், வீட்டுச் சுவர் இடிஞ்சு விழுந்து ஒன்பது பேர் போய்ட்டாங்க. அதில் நாலு பேர் குழந்தைங்க.

தெருமுனை வரைக்கும் போனேன். கேமரா வீட்டில் இருந்தது. அதை எடுத்துப் போகணும்னு தோணலை, தோணாததுக்கு இன்னிக்கும் வருத்தமில்லை. போனில் மட்டும் குடைக்கு ஹார்ட்டு வந்துக்கிட்டே இருந்தது.

ரெண்டுக்கும் எதுக்கு முடிச்சுப் போடறேன்னு கேட்பீங்க. நான் எடுத்த சுவர் வேறே, விழுந்த சுவர் வேறே. ஒரு போட்டோ இருந்திருந்தால் ஒன்பது உயிர் பிழைச்சிருக்கும் என்று சொன்னால் அது அயோக்கியத்தனம், நான் சொல்ல மாட்டேன். நான் சொல்றது சின்ன விஷயம். பதினஞ்சு வருஷமா கேமரா வெச்சிருக்கேன். என்கிட்ட இருக்கிற மழைப் படங்களில் எங்க ஊர்ச் சந்து ஒண்ணுகூட இல்லை. சுவர் ஒண்ணுகூட இல்லை. கேம்பஸ் கேம்பஸா தேடிப் போன படம் மட்டும் ஆயிரத்துக்கு மேலே இருக்கு. அங்கேயும் சுவர் இல்லை. குறை தேடித்தான் சம்பளம் வாங்கறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் என் கண்ணுக்குக் கோட்டிங் ஏறிடுது.

சுவர் விழறது ஒண்ணும் எங்க ஊர் அதிசயம் இல்லை. 2019 டிசம்பர் 2 விடிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டைச் சுத்திக் கட்டின உயரமான கல் சுவர் மழையில் சரிஞ்சு பக்கத்தில் இருந்த வீடுகள் மேலே விழுந்தது. பதினேழு பேர். அந்தச் சுவர் ஆபத்துன்னு அங்கே குடியிருந்தவங்க முன்னாடியே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எங்க ஊரில் நடந்து ஒரு மாசம்கூட ஆகலை, 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு மாணவர்கள் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு பண்ணி, பாழடைஞ்சதை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவரைக்கும் அந்தக் கட்டடங்கள் எல்லாம் எங்கே ஒளிஞ்சிருந்தது? எங்கேயும் இல்லை. ஆண்டு விழா குரூப் போட்டோவில் பின்னாடியே நின்னிருக்கும். ஃபோகஸில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போ எங்க போட்டோ குரூப்பில் இருக்கிற சீனியர் அண்ணன் ஒருத்தர் கதைக்கு வர்றேன். நல்ல மனுஷர். எனக்கு அப்பர்ச்சர்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர்கிட்ட இதைச் சொன்னதும், "டேய், புயல்னா எடுக்கலாம்டா, மரம் விழுந்து கிடக்கிறதை எடு, அதுல ஒரு ட்ராமா இருக்கும். சுவரு, சாக்கடை எல்லாம் நெகட்டிவ்" என்றார்.

எனக்கு அன்னைக்குத்தான் மண்டையில் பல்பு எரிஞ்சது. மரத்துக்கு அனுமதி உண்டு, சுவருக்குக் கிடையாது!

யோசிச்சுப் பாருங்க. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. கிண்டி காட்டில் இருந்து பிரிச்சுக் கொடுத்த இடத்தில் 1959இல் ஆரம்பிச்ச ஐஐடி வளாகத்தில் ஏகப்பட்ட மரம் சாய்ஞ்சது. 1937இல் தாம்பரத்துக்கு மாறிய கிறிஸ்தவக் கல்லூரி, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரம் மரமா நட்டு வளர்த்த வளாகம். அங்கேயும் சாய்ஞ்சது. அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுத்தினது. எந்த செக்யூரிட்டியும் அழிக்கச் சொன்னதாக நான் கேள்விப்படலை. நல்லதுதான் நடந்தது. எது விழுந்தது எது நின்னதுன்னு அந்தப் படங்களையும் வெச்சுத்தான் பேசினாங்க. குல்மொஹர், பெருங்கொன்றை மாதிரி வெளியே இருந்து வந்து வேகமா வளர்கிற மரங்கள் நிறைய போச்சு, இனிமே நம்ம மண்ணு மரம் நடணும்னு பேச்சு வந்தது.

மரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? மரம் விழுந்தால் குத்தவாளி புயல். சுவர் விழுந்தால் காண்ட்ராக்டர், இன்ஜினீயர், பில்லில் கையெழுத்துப் போட்டவர், மண்ணைக் கொட்டினவர், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனவர்னு ஒரு வரிசையே நிற்கும். அதனால் மரம் இயற்கையின் சீற்றம், சுவர் நெகட்டிவ். நம்ம கலை உணர்ச்சியும் சூப்பர்வைசர் விருப்பமும் அச்சு அசலா ஒரே இடத்தில் வந்து நிற்குது பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. அவருக்காவது அதுக்குச் சம்பளம் உண்டு.

அண்ணனுக்கு இன்னொரு வாதமும் இருந்தது. அடுத்தவங்க கஷ்டத்தைப் படம் எடுத்து லைக் வாங்கறது அசிங்கம் என்றார். ஒத்துக்கறேன், நூத்துக்கு நூறு. அதனால்தான் மசூதித் தெருவுக்குக் கேமராவை எடுத்துப் போகலை. ஆனால் விழுந்த பிறகு எடுக்கிறதுதான் அடுத்தவங்க கஷ்டம். விழறதுக்கு முன்னாடி எடுக்கிறது வேற ஜாதி. அதில் ஆளே இருக்க வேண்டாம். அண்டா தேய்க்கிற அம்மாவோட முகம் எனக்கு எதுக்கு? சுவர் இருந்தால் போதும்.

அதுக்கு ஏன் புயல் நாள், வெயில் நாளில் எடுக்கக் கூடாதா? இங்கேதான் விஷயமே இருக்கு. காய்ஞ்ச நாளில் எல்லாச் சுவரும் ஒரே நிறம். பெயின்ட் அடிச்சிருந்தால் சுத்தம், ஒண்ணும் தெரியாது. நாலு நாள் அடைமழையில் நனைஞ்ச பிறகு பாருங்க, தண்ணி எந்த வழியா இறங்குது, எங்கே தேங்குது, எது வரைக்கும் ஊறியிருக்குன்னு சுவரே கோடு போட்டுக் காட்டும். நனைஞ்ச இடம் கறுத்திருக்கும், காய்ஞ்ச இடம் வெளுத்திருக்கும், விரிசல் மை தடவின மாதிரித் தெரியும். மேகம் மூடின வெளிச்சத்தில் நிழலும் விழாது, அதனால் எதுவும் ஒளியாது. எங்க கம்பெனியில் குறை தேட டியூப்லைட்டைத் தேடுவோமே, அதே பொதுவான வெளிச்சம், சும்மா கிடைக்குது. போதாததுக்கு மண்ணு தண்ணி குடிச்சுக் கனத்து சுவரை முழு பலத்தோட தள்ளுகிற நாளும் அதுதான். வயிறு தள்ளுவதெல்லாம் அன்னிக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். மழை விட்ட ஒரு வாரத்தில் எல்லாம் மறைஞ்சுடும். அடுத்த ஐப்பசி வரைக்கும் எல்லாருக்கும் மறந்தும் போயிடும்.

தேதி முக்கியம்னு எனக்குப் புரிய வெச்சதும் அந்த 2021தான். நவம்பர் 29 விடிகாலை எங்க பக்கம் லேசா நிலம் ஆடினது, 3.6 ரிக்டர். டிசம்பரிலும் ஆடினது. பேரணாம்பட்டைச் சுத்தின கிராமங்களில் வீட்டுச் சுவரில் விரிசல்னு ஜனங்க பதறினாங்க, ஆளாளுக்குப் போனில் விரிசலைப் படம் எடுத்து வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டினாங்க. எது புது விரிசல், எது மழையில் வந்தது, எது தாத்தா காலத்து விரிசல்? யாருக்குத் தெரியும்? போன வருஷப் படம் ஒண்ணு இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிஞ்சுடும். இருந்ததெல்லாம் கல்யாண ஆல்பம். அதில் சுவருக்கு முன்னாடி மாலை போட்டுக்கிட்டு ரெண்டு பேர் நிற்கறாங்க!

அதனால் கேமராக் கடிகாரத்தைச் சரியா வைங்க. ஒரே இடத்தில் நின்னு வருஷா வருஷம் எடுங்க. நேரா நிற்கிற ஒரு கரண்டுக் கம்பம் ஓரத்தில் வருகிற மாதிரி எடுத்தால் சுவர் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு எந்த இன்ஜினீயரும் இல்லாமலே தெரியும். அளவுக்கு ஒரு குடையைச் சாய்ச்சு வைங்க. சிவப்புக் குடையே இருக்கட்டும், உங்க ஆசையை ஏன் கெடுப்பானேன். வாட்ஸப்பில் போட்டோவா அனுப்பினால் படத்துக்குள்ள இருக்கிற தேதி விவரம் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

உள்ளே விடமாட்டாங்களே? சரி. தனியார் வளாகத்துக்குள் அவங்க சொல்றதுதான் சட்டம், நான் மல்லுக்கு நிற்கச் சொல்லலை. ஆனால் சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கு சாமி. அந்தப் பக்கம் ரோடு. 1923ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட இடங்கள்னு ஒரு விவரம் உண்டு. ராணுவம் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். ஹாஸ்டல் மெஸ்ஸோட பின்சுவர் அதில் வராது. உள்ளேயே படிக்கிற பசங்களுக்கு இதெல்லாம்கூடத் தேவையில்லை. கேம்பஸ் மழைப் படத்தில் பாதி அவங்க எடுக்கறதுதான், அந்தச் சுவர் ஓரமா நடக்கிறதும் அவங்கதான். நான் எழுதறது முக்கியமா அவங்களுக்குத்தான். உங்க காலேஜை அசிங்கப்படுத்தச் சொல்லலை. படத்தை ஊருக்குக் காட்டணும்னுகூட இல்லை, முதல்ல வார்டனுக்குத் தேதியோட அனுப்புங்க. அனுப்பினதை ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

2022 கோடையில் அந்த கேம்பஸ் வழியா ஒரு தடவை போனேன். ரோட்டுப் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். இடிச்சுக் கட்டியிருப்பாங்கன்னு ஒரு நப்பாசை. கட்டலை. பூசியிருந்தாங்க. மேலே வெளிர் மஞ்சள் பெயின்ட், அதுக்கு மேலே மரம் வளர்ப்போம் என்று ஒரு ஓவியம். தண்ணி வெளியே வர ஓட்டை அப்பவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க ஃபினிஷிங் செக்‌ஷன்காரன் பார்த்தால் கைகுடுத்திருப்பான், அப்படி ஒரு கரெக்டட் கிரெய்ன். முன்னாடி எடுத்த ஆறு படம் கையில் இருந்திருந்தால் அந்த மஞ்சளுக்கு அடியில் என்ன இருக்குன்னு நாலு பேருக்குக் காட்டியிருக்கலாம். இப்போ என் வாய் வார்த்தைதான் இருக்கு. வாய் வார்த்தையை யார் மதிக்கிறா? அவங்களோட ப்ராஸ்பெக்டஸில் மழைப் படம் இருக்கே!

வாணியம்பாடியில் ஒரு நினைவுத் தூண் இருக்கு, போறவங்க பார்த்திருப்பீங்க. 1903 நவம்பர் 12 பாலாற்று வெள்ளத்தில் செத்தவங்களுக்காக வெச்சது. கேமரா எல்லாம் கைக்கு வராத காலம். தண்ணி வந்தது, ஆளுங்க போனாங்க, தேதி இதுன்னு கல்லில் வெட்டி நட்டுட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு, இன்னும் பாலாற்றில் வெள்ளம்னு பேச்சு வந்தால் அந்தத் தேதியில் இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. நம்மகிட்ட ஆளுக்கொரு கேமரா இருக்கு, ஒரு கார்டில் ரெண்டாயிரம் படம் கொள்ளுது. எல்லாத்திலும் குடை.

நண்பன் இப்போ அங்கே வேலையில் இல்லை, அதனால் அவனுக்கு ஆபத்தில்லை. அந்தச் சுவருக்கு எதிர்த்தாப்பல, ரோட்டில் ஒரு டீக்கடை இருக்கு. மூணு வருஷமா மழை சீசனில் ஒரு தடவையாவது போய் அங்கே ஒரு டீ குடிச்சுட்டு, கடையோட கம்பத்தில் தோளைச் சாய்ச்சு, அதே உயரத்தில் அதே சுவரை எடுத்துட்டு வர்றேன். மரம் வளர்ப்போம் ஓவியத்தில் இருக்கிற மரத்துக்கு அடிமரத்தில் போன மழையில் ஒரு கோடு விழுந்திருக்கு. பெயின்ட் உரிஞ்சதா, விரிசலான்னு இந்தத் தடவை பார்த்தால் தெரிஞ்சுடும். டீக்கடை பாய்கூட "என்னா தம்பி, அந்தச் சுவத்துமேல அவ்ளோ ஆசை?"ன்னு கேட்பார். செக்யூரிட்டி அண்ணன் இன்னும் இருக்கார். ஒரு நாள் டீ குடிக்க வந்தவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணும் பேசலை. டீ கிளாஸோட கொஞ்சம் நகர்ந்து நின்னார், ஃப்ரேமுக்கு வெளியே.